இயந்திரத்துக்குப் பிடிக்காத பெயர்

என்னை யாராவது கெட்டிக்காரன் என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. பதினான்கு வயதில் அந்தச் சொல்லை நான் அளவுக்கு மிஞ்சிக் கேட்டேன். அதற்கான தண்டனையை வேறு மூன்று பேர் அனுபவித்தார்கள்: வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் இருந்த ஒரு தாய், அவருடைய மகன், என் மாமாவின் அலுவலகத்தில் தட்டச்சு செய்துவந்த ஓர் அக்கா. இப்போது எனக்குத் தலை முழுவதும் நரைத்துவிட்டது. ஓய்வூதியம் எடுக்கிறேன். இனியும் இதை ஒளித்துவைத்திருக்க விருப்பமில்லை.

மாமா என் அம்மாவின் அண்ணன். கண்டி நீதிமன்றத்துக்குப் பின்புறத் தெருவில், ஒரு புடவைக் கடையின் மாடியில், தட்டச்சு அலுவலகம் வைத்திருந்தார். மனு, சத்தியக் கடதாசி, வேலைக்கான விண்ணப்பம் எல்லாம் அங்கே ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்கப்படும். தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது மாடிக்கு ஏறியவர்கள் அவருடைய மூன்று தட்டச்சுப் பொறிகளையும் ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டார்கள். இரண்டு அந்த இடத்திலேயே செத்துவிட்டன. மூன்றாவதை மாமா சாக்கடைக் கானுக்குள்ளிருந்து தூக்கிவந்து துடைத்து வைத்தார். அது வேலை செய்தது. ஆனால் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் வரியில் நிற்காமல் ஒரு நூலளவு மேலே ஏறி நிற்கும்.

“அடி வாங்கினதால அதுக்குக் கொஞ்சம் திமிர் வந்திட்டுது” என்பார் மாமா.

அடுத்த வருடம், கனடாவுக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர் தன் கொம்பியூட்டரை மாமாவிடம் விட்டுச் சென்றார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். தட்டையான வட்டுகளைச் செருக இரண்டு வாய்கள். பக்கத்திலே, தகரத்தைக் கிழிப்பதுபோலக் கத்தும் ஒரு பிரிண்டர். மாமா அதற்கு மாமியின் பழைய சேலையால் உறை தைத்துப் போட்டார். செருப்போடு யாரும் அந்த மூலைக்குப் போகக் கூடாது. நீதிமன்ற வட்டாரத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. அதை இயக்கவும் மாமாவுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மாடிக்கு ஏறி, கூடவே வந்த தடித்த கைந்நூலை வரிக்கு வரி படித்தேன். கடிதம் எழுதும் அந்தச் செயலிக்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. ‘பார்த்துக்கொண்டிரு’ என்று ஒரு விசையை அழுத்திச் சொல்லிவிட்டு நாம் அடிக்க வேண்டியதை அடிக்கலாம். ‘போதும்’ என்று இன்னொரு விசையால் சொன்னால் அவ்வளவையும் அது மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்தினால் போதும், நாம் அடித்த எல்லாவற்றையும் தானே அடித்துவிடும். கைந்நூல் அதை மக்ரோ என்றது. நான் பிழையாக அடித்து அழித்ததைக்கூட அது விடாமல் நினைவில் வைத்திருந்து, ஒவ்வொரு தடவையும் அதே பிழையை அடித்து அதே இடத்தில் அழித்துக் காட்டும்.

சத்தியக் கடதாசியின் தொடக்கம் எப்போதும் ஒன்றுதான். இந்துவாகிய நான் பயபக்தியோடும் உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதிகூறுவதாவது என்று ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பந்தி வரும். அதை மக்ரோவாக்கியதுதான் என் முதல் சாதனை. மாமா பக்கத்து மாடிகளிலிருந்த சட்டத்தரணிகளை அழைத்துவந்து, கதிரை போட்டு உட்காரவைத்துக் காட்டினார்.

“பாருங்கோ, இப்ப மெஷின் சத்தியம் பண்ணும்.”

நான் இரண்டு விசைகளை அழுத்தினேன். பச்சை எழுத்துகள் தாமாகவே ஓடி ஒரு முழுச் சத்தியத்தைச் செய்து முடித்தன. சட்டத்தரணிகள் கைதட்டினார்கள். கெட்டிக்காரன் என்றார்கள். உண்மையும் நேர்மையும் இரண்டு விரல்களின் வேலையாகிவிட்டதில் அங்கிருந்த யாருக்கும் எந்தக் குறையும் தோன்றவில்லை.

தட்டச்சு அக்கா மட்டும் சிரித்துவிட்டு, “நம்ம சாமிக்கு வேலை மிச்சம்” என்றார்.

அக்கா வத்தேகமவுக்கு மேலேயுள்ள தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய லயத்தில் ஆங்கிலத் தட்டச்சுப் படித்த முதல் ஆள். வேலைக்கு வந்து நான்கு மாதத்தில் மாமாவைவிட வேகமாக அடித்தார். கொம்பியூட்டரையும் என்னிடம் கேட்டுக் கேட்டு ஒரு வாரத்தில் பழகிவிட்டார். அவருக்காக நான் இன்னொரு மக்ரோ செய்து கொடுத்தேன். அடித்து முடித்ததும் இரண்டு விசைகளை அழுத்தினால் கடதாசியைச் சேமித்து மூன்று பிரதிகள் அச்சடிக்கும். இரண்டு வந்தவருக்கு. மூன்றாவது அலுவலகக் கோப்புக்கு. பிரிண்டரில் தாள் கோணலாக இழுபடும் என்பதால், விசைகளை அழுத்திய உடனே அக்கா எழுந்து ஓடித் தாளைப் பிடித்துக்கொள்வார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நேரத்தில் அவர் திரையைப் பார்க்கவே முடியாது.

அந்தக் காலத்தில் மாடிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தோட்டங்களிலிருந்து வந்த தாய்மார். அவர்களுடைய பிள்ளைகளிடம் அடையாள அட்டை இல்லை. பிரஜாவுரிமை இல்லாத குடும்பத்துக்கு அட்டை எங்கிருந்து வரும்? சினிமா பார்க்கவோ சாமான் வாங்கவோ டவுனுக்கு வந்த பையனைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். தமிழன், அட்டை இல்லை, ஏற்று வண்டியில். பிறகு தாய் பிறப்புச் சான்றிதழோடு வந்து, இவன் என் மகன், இந்தத் தோட்டத்தில் பிறந்தவன் என்று சத்தியக் கடதாசி முடித்துப் பொலிசுக்குக் கொண்டுபோக வேண்டும். தாள் சரியாக இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே விட்டுவிடுவார்கள். ஒரு பிள்ளை வீட்டுக்கு வருவதும் வராததும் ஒரு தாளில் இருந்தது. அப்போது எனக்கு அதுவல்ல அநியாயமாகத் தெரிந்தது. அந்தத் தாள்களில் இருந்த பெயர்கள்தான்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவின் உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு நான்தான் முதல் பரிசு. தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்களில் லக்ஷ்மி என்று இருக்க வேண்டிய இடத்தில் லெட்சுமி என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். லக்ஷ்மணன் லெட்சுமணனாக இருப்பார். முத்து, வெள்ளைக்காரன் எழுத்தில் முட்டு ஆகியிருக்கும். ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதிவைத்தது. தமிழுக்கு நேர்ந்த அவமானமாக அதை எடுத்துக்கொண்டு நான் கொதித்தேன்.

“அக்கா, இது பிழை. ல-க்-ஷ்-மி எண்டுதான் வரவேணும்.”

“பேரே அதுதான் தம்பி. பதிவுல உள்ளபடிதான் அடிக்கணும்.”

“பதிவில பிழை எண்டாலும் பிழைதானே?”

அக்கா அடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “எங்க பேரைத் திருத்துறது இருக்கட்டும். மொதல்ல பிரஜாவுரிமையைக் குடுக்கச் சொல்லுங்க. அப்புறம் உங்க இஷ்டத்துக்கு ஒரு பேரு வைங்க, நாங்க வச்சிக்கிறோம்.”

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். தோட்டத்து ஆட்கள் என்று எங்கள் வீட்டில் ஒரு மாதிரி உதட்டைச் சுழித்துச் சொல்லப்படுகிறவர்கள், முதல் பரிசுக்காரனைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அதே வாரம், பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, அப்பாவும் நானும் வாவிக் கரையால் வந்தபோது சாவடியில் நிறுத்தினார்கள். சிப்பாய் அப்பாவின் அட்டையைப் பார்த்துப் பெயரை அலங்கோலமாக வாசித்தான். அப்பா அந்த அலங்கோலத்துக்கு “ஓம், நான்தான்” என்று பணிவாகப் பதில் சொன்னார். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர்.

“ஏன் அவனைத் திருத்தேல்லை?” என்று வழியில் கேட்டேன்.

“அது திருத்துற இடமில்லை” என்றார்.

சிப்பாயைத் திருத்த எனக்கு வழியில்லை. அடுத்த நாள் மாடிக்குப் போய், அக்கா சாப்பிடப் போன நேரத்தில், என்னால் திருத்த முடிந்தவர்களைத் திருத்தினேன்.

அச்சடிக்கும் மக்ரோவை மறுபடி பதிந்தேன். முதலில் கடதாசியின் தலைக்குப் போ. லெட்சுமி என்று கண்ட இடமெல்லாம் லக்ஷ்மி என்று மாற்று. லெட்சுமணனை மாற்று. முட்டுவை மாற்று. ஆறு பெயர்கள். பிறகு சேமி, பிறகு மூன்று பிரதி அடி. தேடி மாற்றும்போது அந்தச் செயலி நம்மிடம் ஒரு கேள்வி கேட்கும்: ஒவ்வோர் இடத்திலும் உங்களைக் கேட்டுவிட்டு மாற்றவா, கேட்காமலே மாற்றவா? கேட்காதே என்று விடை கொடுத்தேன். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் சுட்டது அந்த விடைதான்.

பன்னிரண்டு நாட்கள் அது யாருக்கும் தெரியாமல் வேலை செய்தது. அக்கா பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகத் திரையில் சரிபார்த்து, விசைகளை அழுத்திவிட்டுத் தாளைப் பிடிக்க ஓடுவார். அவருடைய முதுகுக்குப் பின்னால் லெட்சுமிகள் லக்ஷ்மிகள் ஆவார்கள். வந்தவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கடதாசியை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கும் சமாதான நீதவான், தான் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைத் தவிர வேறெதையும் வாசிக்காதவர். நான் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழுக்குத் தொண்டு செய்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

பதின்மூன்றாம் நாள் ஓர் அம்மா மாடிக்கு ஏறிவந்தார். அக்காவின் லயத்திலேயே அடுத்த வீட்டுக்காரர். பெயர் லெட்சுமி. முந்தின நாள் அக்காதான் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து கடதாசி முடித்துக் கொடுத்திருந்தார். அவருடைய மகன் நான்கு நாளாகப் பொலிசில் இருந்தான். தாளைப் பார்த்த அதிகாரி, அதையும் மகனின் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தட்டி, “மே வென கெனெக்” என்று சிங்களத்தில் சொன்னாராம். இது வேறு ஓர் ஆள் என்று. பையனின் தாய் லெட்சுமி, வந்திருப்பது லக்ஷ்மி, ஆகவே கள்ளத் தாய் என்று சொல்லித் துரத்திவிட்டார்கள்.

“நான் லெட்சுமிதாங்க” என்று அந்த அம்மா மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். “என் புள்ளைக்கு வேற ஒரு ஆத்தாளை எழுதிக் குடுத்திட்டீங்களே. யாருங்க அவ?”

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். மாமா அக்காவிடம் தாளை நீட்டினார்.

“என்ன பிள்ளை இது? நீர் படிச்சனீர்தானே? பேரைப் பாத்து அடிக்கத் தெரியாதோ?”

“நான் சரியாத்தான் அடிச்சேன் சேர். எழுத்தெழுத்தாப் பாத்தேன்.”

மாமா வட்டைச் செருகிக் கடதாசியைத் திறக்கச் சொன்னார். நான்தான் திறந்தேன். என் மக்ரோ மாற்றிவிட்டுத்தான் சேமித்திருந்தது. திரையிலும் லக்ஷ்மி என்றே பச்சையாக எரிந்தது.

“இந்தா, கிடக்குது. இனி என்ன சொல்லப் போறீர்?”

“மெஷின்தான் மாத்தியிருக்கணும் சேர்.”

மாமா என் பக்கம் திரும்பினார். “டேய் மருமோன், அப்பிடி இது தானா மாத்துமோ?”

அக்கா என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும். உடனே புதுத் தாள் அடித்து, மாமாவே கூடப் போய் அலுவலகத்தின் பிழை என்று பொலிசில் சொல்லியிருக்கலாம். அன்று பின்னேரம் அவன் வத்தேகம பஸ்ஸில் ஏறியிருப்பான்.

“இல்லை மாமா” என்றேன். “மெஷின் நாங்கள் அடிக்கிறதைத்தான் அடிக்கும்.”

மாமா அந்த அம்மாவைச் சமாதானப்படுத்திக்கொண்டு கீழே போனார். பிழையை ஒப்புக்கொண்டு பொலிசுக்குப் போக அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தாயே பெயரை மாற்றிச் சொல்லியிருப்பாள் என்று ஒரு கதையைப் படியிறங்கும்போதே தயாரித்துவிட்டார்.

மாடியில் அக்காவும் நானும் மட்டும். அக்கா கதிரையில் உட்கார்ந்து, வெறுந்திரையில் ஒரே ஒரு சொல்லை அடித்தார். லெட்சுமி. இரண்டு விசைகளை அழுத்தினார். இந்தத் தடவை அவர் எழுந்து ஓடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஒரு கணம் மின்னி மாறியது. பிறகு தாள் கோணலாக இழுபட்டு மடங்கியது.

பிரிண்டரிலிருந்து தாளை உருவி எடுத்துவிட்டுச் சொன்னார்: “இந்த மெஷினுக்கு எங்க பேரு புடிக்கல போல, தம்பி.”

அக்கா என் பக்கம் திரும்பினார்.

“எத்தன நாளா?”

“போயாவுக்கு அடுத்த நாளிலயிருந்து.”

எப்படி அந்த விடை என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்தக் கசங்கிய தாளை எடுத்துக்கொண்டு அக்கா கீழே ஓடுவார், மாமாவிடம் காட்டுவார், நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். அக்கா தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு பிரதிகள் வைக்கும் கோப்பைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, விரலால் எண்ணத் தொடங்கினார்.

மாமா அன்றே அவரை நிறுத்திவிட்டார். அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: மூலையில் கிடக்கும் அந்தப் பழைய தட்டச்சுப் பொறியைத் தான் எடுத்துப் போகலாமா? ‘ஈ’ துள்ளுகிற அந்தச் சனியன் தொலைந்தால் போதும் என்று மாமா கொடுத்தார். அக்கா அதை ஒரு சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். அவர் படியிறங்கியதும் நான் அந்த ஆறு பெயர்களையும் மக்ரோவிலிருந்து அழித்தேன்.

அடுத்த நாள் லெட்சுமி அம்மாவின் மகனைத் தெற்கே ஒரு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. மாமா சட்டத்தரணி ஒருவரிடம் சொல்லியதைக் கேட்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட என்னை நான் ஓரளவு பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்று நாள் கழித்து மாமா பிரதிக் கோப்பைத் தேடினார். அது இல்லை. எனக்குள் ஒரு பெரிய நிம்மதியும், அந்த நிம்மதியைவிடப் பெரிய கோபமும் வந்தன. ஆகா, அக்கா கள்ளி! கள்ளி என்றால் நான் செய்தது அவ்வளவு பெரிய பிழையில்லை. வெகு நியாயமாக ஆத்திரப்பட்டு, “அக்காதான் கொண்டுபோனவ, மாமா. நான் கண்டனான்” என்றேன். நான் காணவில்லை. ஊகித்தேன். மாமா அந்தத் தெருவிலிருந்த ஒவ்வொரு மாடிக்கும் ஏறி, இந்தப் பெண்ணை வேலைக்கு எடுக்க வேண்டாம், அலுவலகத் தாள்களைத் திருடியவள் என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு கண்டி டவுனில் அக்காவுக்குத் தட்டச்சு வேலை கிடைக்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி எல்லோரும் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் படித்தேன், பட்டம் பெற்றேன், அப்பாவைப்போலக் கச்சேரியில் உத்தியோகத்தன் ஆனேன். பல வருடங்களுக்குப் பிறகு தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமைக் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. ஒருநாள் அவற்றில் ஒன்றைத் திறந்தபோது இரண்டு சத்தியக் கடதாசிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன. முதலாவது புள்ளிப் புள்ளியான பிரிண்டர் எழுத்தில் இருந்தது. லக்ஷ்மி என்ற பெயரின் கீழே யாரோ சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். இரண்டாவது ஒன்பது நாள் கழித்துத் தட்டச்சில் அடித்து, வத்தேகமவில் வேறொரு சமாதான நீதவான் கையெழுத்திட்டது. லெட்சுமி. ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் இரண்டாவது எழுத்தான ‘ஈ’ வரியை விட்டு ஒரு நூலளவு மேலே நின்றது.

மகன் பதினான்கு மாதம் கழித்து விடுவிக்கப்பட்டான் என்று கோப்பில் ஒரு குறிப்பு இருந்தது. அந்தத் தாள் அவன் இருந்த முகாம்வரை போய்ச் சேர எடுத்த காலம் அது.

அலுவலக நேரம் முடிந்தும் போகாமல் மற்றக் கோப்புகளைத் தேடினேன். அந்தப் பன்னிரண்டு நாட்களுக்குள் மாமாவின் மாடியில் அடித்த கடதாசிகளில் பெயர் மாறியவை என்று பதினொன்று கிடைத்தன. வத்தேகம, திகன, கெலிஓயா என்று ஒன்றுக்கொன்று எட்டாத தோட்டங்கள். பதினொன்றிலும் இரண்டாவதாக ஒரு தாள் இருந்தது. பதினொன்றிலும் அந்த எழுத்து எழும்பி நின்றது. பஸ்ஸிலும் கால்நடையாகவும் வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரையும் கண்டுபிடித்து, சான்றிதழை வாங்கிப் பார்த்துத் திரும்ப அடித்திருக்கிறார். பெயரை நாங்கள்தான் மாற்றினோம் என்று எவரிடமும் சொல்லாமல் செய்திருக்கிறார். சொல்லியிருந்தால் அந்த மாடியிலிருந்து போன அத்தனை தாள்களும் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும். அவற்றைக் காட்டி வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளைகளைத் திரும்பவும் வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.

அக்காவின் விலாசத்தை விசாரித்து எடுத்தேன். இரண்டு தடவை பஸ் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குப் போய் வத்தேகம பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஏறவில்லை. அதற்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை.

அன்று மாடியில், பிரிண்டர் ஓய்ந்த பிறகு, அக்கா கோப்பைத் திறந்து விரலால் எண்ணிக்கொண்டிருந்ததை நான் மூலையில் நின்று பார்த்தேன். அவருடைய உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு தாளிலும் ஒரு பெயரைப் படித்தார். போகும்போது எதை எடுத்துப் போகலாம் என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.